மணிக்கயிற்றின் ஒன்பதாவது சுற்று

ஏலே, பாளையங்கோட்டையிலிருந்து அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியிலேயே "அப்படி இல்லம்மா, நான் என்ன சொன்னேன்னா" என்று நீ ஆரம்பித்துவிடுவாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்று கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நாலு பக்கம் எழுத எனக்கு அலுக்காது. மும்பையில் உன் கப்பல் வகுப்பெல்லாம் முடிந்து அறைக்கு வந்த பிறகு, சாப்பிட்டுவிட்டு, பொறுமையாக உட்கார்ந்து படி. சிவப்புப் பேனாவை மட்டும் எட்டாத இடத்தில் வைத்துவிடு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை பியூலா இங்கே வந்திருந்தாள். ராதாபுரத்திலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருக்கும்போது, மணப்பெண் மாமியார் வீட்டுக்குத் தனியாக எதற்கு வருவாள்? கைப்பையைத் திறந்து நிச்சயதார்த்த மோதிரத்தை எடுத்தாள். "அத்தை, இத ஒங்ககிட்ட குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். ஆனால் நீ சொல்வது ஒரு மாதிரி, நடந்தது ஒரு மாதிரி. கல்யாண அழைப்பிதழை அவள் அப்பா தன் கையாலேயே எழுதினார். ஆயுசு முழுக்கக் கரண்ட் கம்பத்தில் ஏறி இறங்கின லைன்மேன். ஓய்வு பெற்ற பிறகு அவர் எழுதின முதல் எழுத்து அதுதான். ஒரு வாரம் எழுதி எழுதி அடித்து, மகள் பெயருக்கு மேலே ஒரு பூ வேறு வரைந்து, போட்டோ எடுத்து அனுப்பினார். நீ அதன்மேல் சிவப்பு வட்டமாகப் போட்டுத் திருப்பி அனுப்பினாய், அதுவும் இரண்டு குடும்பமும் இருக்கிற குரூப்பில். பதினேழு வட்டம். ஒற்று விட்டது, சேர்த்து எழுதியது, பிரித்து எழுதியது. உன்னைக் 'கப்பல் மேலாளர்' என்று அவர் எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'தவறு' என்று போட்டிருந்தாய். அந்த மனிதர் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். "எனக்குத் தமிழ் தெரியலம்மா, மாப்பிள்ளையே எழுதிக்கிடட்டும்" என்று மகளிடம் சொன்னாராம். அதைச் சொல்ல அவள் உனக்குப் போன் செய்தால், நீ அரைமணி நேரம் பதினேழு திருத்தத்துக்கும் காரணம் விளக்கியிருக்கிறாய். நானும் உட்கார்ந்து பார்த்தேன். பதினேழில் பதினாலு நீ சொன்னது சரிதான். அதுதான் எனக்குக் கவலை.

இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ஊரைத் தேடவேண்டாம். என்னிடமிருந்துதான் வந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நீ அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினாய், ஞாபகம் இருக்கிறதா? 'அப்பா சீக்கிறம் வா' என்று முதல் வரி. நான் அந்த 'றம்'மைச் சுழித்துவிட்டு, 'சீக்கிரம்' என்று பத்துத் தடவை எழுதச் சொன்னேன். நீயும் எழுதினாய். எழுதி முடித்துவிட்டு, "இனும நா அப்பாவுக்கு எழுத மாட்டேன்" என்று சொல்லிப் பென்சிலைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாய். அப்புறம் எழுதவே இல்லை. உன் அப்பா ஒவ்வொரு துறைமுகத்திலும் "அவன் கடுதாசி இல்லியா" என்று கேட்டார். அவனுக்குப் பரீட்சை என்று நான் பொய் சொன்னேன். சரியாக எழுதச் சொல்லிக்கொடுத்தேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை. இன்றைக்கு நினைத்தால் என்னை நானே குட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

இப்போது கயிற்றுக்கு வருகிறேன். போன மாதம் நீ உன் அப்பாவிடம் ஒன்று கேட்டாய். கல்யாணம் முடிந்து சீஃப் ஆபிசராக ஏறப்போகிற கப்பலின் மணிக்கு ஒரு கயிறு செய்து தரச் சொன்னாய். கேட்டதோடு நிறுத்தினாயா? "அப்பா, இந்தத் தடவை சரியா எட்டு சுத்து வரட்டும். சின்னதுலருந்து பாக்கேன், ஒங்க கயிறு அம்புட்டும் ஒம்பதா இருக்கு" என்றாய். உன் அப்பா சிரித்துக்கொண்டே "சரிடே" என்று வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது எப்படி வந்தது என்று உனக்கு நாங்கள் சொன்னதே இல்லை. இத்தனை வருஷம் சொல்லாதது எங்கள் தப்பு. இப்போது கேட்டுக்கொள்.

நான் டவுனில் அரிசிக்கடைக்காரர் மகள். உன் அப்பா புன்னைக்காயல் பக்கத்துக் கடற்கரைக்காரர், கப்பலில் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. கிறிஸ்தவர்கள்தான் என்றாலும் நாங்கள் ஒரு சபை, அவர்கள் ஒரு சபை. பெண் பார்க்க வந்தபோது உன் தாத்தா, "கடல்காரங்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அதற்கு இவர், "ஒங்க ஊரு ஆத்துத் தண்ணி எங்க ஊர்லதாம் கடல்ல விழுது, அண்ணாச்சி" என்றார். தாத்தா உள்ளே திரும்பிக் காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டார். அப்படி நடந்ததுதான் எங்கள் கல்யாணம்.

கல்யாணமான இரண்டாவது மாதம் அவர் மறுபடி கப்பல் ஏற வேண்டும். புதுக் கப்பல். அதன் மணிக்கு ஒரு கயிறு கொண்டுபோக வேண்டும் என்று வீட்டிலேயே உட்கார்ந்து செய்தார். இப்போதெல்லாம் கப்பலில் மணியை அடிக்கிற சந்தர்ப்பமே குறைவு, மூடுபனியில் நங்கூரம் போட்டு நிற்கும்போது அடித்தால் உண்டு என்று நீயே சொல்வாய். ஆனாலும் மணிக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறவரை அதைப் பிடித்து ஆட்டக் கயிறு வேண்டும், அது பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்பார் உன் அப்பா. வெள்ளைப் பருத்திக் கயிற்றை ஆற்றுத் தண்ணீரில் ஒருநாள் ஊறப்போட்டு, இழுத்துக் கட்டிக் காயவைத்து, அப்புறம்தான் கையில் எடுப்பார். ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு மேலிருந்து பின்னிக்கொண்டே வருவார். தலைப்பில் மாட்டுவதற்கு ஒரு கண், அதன் கீழே சடை, கடைசியில் கைக்கு அடங்குகிற உருண்டைக் குமிழ். குமிழுக்கு மேலே கழுத்து மாதிரி இருக்கிற இடத்தில் தடித்த கயிற்றைக் கீழிருந்து மேலாக இறுக்கி இறுக்கி எட்டு சுற்றுச் சுற்ற வேண்டும். கப்பலில் நாலு மணி நேரக் காவல் முடிந்தால் மணியில் எட்டு அடி, அதற்கு எட்டு சுற்று, இது அவர் தானாக வைத்துக்கொண்ட முறை. சுற்றி முடித்ததும் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் தலைப்பாகை மாதிரி ஒரு முடிச்சைப் போட்டு மூடிவிடுவார். நம் வீட்டில் அதற்கு முண்டாசு என்றே பெயர்.

அந்தச் சுற்று சுற்றும்போது இரண்டு கையும் கயிற்றில் இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார், கணக்கு மறந்துவிடும். "ஏட்டி, நீ கணக்கு டீச்சர்தான, எண்ணு" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் சுற்று விழுந்ததும் "லாபம்" என்றேன். எங்கள் கடையில் அப்படித்தான். அரிசி அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். பிறந்ததிலிருந்து காதில் விழுந்தது, வாயில் தானாக வந்துவிட்டது. கடற்கரையில் வளர்ந்த இவருக்கு அது தெரியவில்லை. புதுப்பெண்டாட்டி ஏதோ நல்ல வார்த்தை சொல்லித் தொடங்கிவைக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். அடுத்த சுற்றைப் போட்டுவிட்டு அவரே சத்தமாக "ஒண்ணு" என்றார். அவர் தொழில், அவருக்குத் தெரியாதா என்று நானும் "ரெண்டு" என்று தொடர்ந்தேன். எட்டு என்று முடித்தபோது கயிற்றில் ஒன்பது சுற்று இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கப்பலில் போய் மணியில் மாட்டிய பிறகுதான் எண்ணிப் பார்த்திருக்கிறார். போன் வந்தது. ஊருக்கே கேட்கிறமாதிரி சிரிக்கிறார். நான் "ஒங்களாலதான்" என்றேன், அவர் "ஒன்னாலதாம்" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் போட்ட முதல் சண்டை அதுதான். அடுத்த விடுமுறையில் வந்து இன்னொரு கயிறு செய்தபோது, எண்ண உட்கார்ந்த நான் கவனமாக "ஒண்ணு" என்று தொடங்கினேன். அவர் கையை நிறுத்திவிட்டார். "லாபம் சொல்லு, அப்புறந்தாம் ஒண்ணு" என்றார். அன்றிலிருந்து நம் வீட்டில் லாபம், ஒண்ணு, ரெண்டு என்றுதான் எண்ணிக்கை. அவர் செய்த கயிறெல்லாம் ஒன்பது. எந்தக் கப்பலில் பார்த்தாலும் அவர் கை என்று ஆட்கள் சொல்லிவிடுவார்களாம்.

இதோடு நின்றிருந்தால் நல்ல கதை. நிற்கவில்லை. நீ அஞ்சாம் வகுப்புப் படிக்கிற வருஷம், ஒரு கப்பலில் யாரோ ஓர் அதிகாரி, "போசனுக்கு எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதோ" என்று கேட்டிருக்கிறான். உன் அப்பா அதை வேடிக்கையாகத்தான் வந்து சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், என் புருஷனுக்கு எண்ணத் தெரியாதா? அவர் அடுத்த கப்பலுக்குக் கயிறு செய்து பெட்டியில் வைத்திருந்தார். அவர் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து அதை எடுத்தேன். பார்த்துப் பார்த்து வேலை எனக்கும் பிடிபட்டிருந்தது. கீழ் முண்டாசைப் பையப் பிரித்து, ஒரு சுற்றை எடுத்துவிட்டு, திரும்ப முடிந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எட்டு. துல்லியமான எட்டு. அவரிடம் சொல்லவும் இல்லை.

கப்பல் ஏறிய பத்தாம் நாள் போன் வந்தது. "கயிறு எட்டா இருக்கு" என்றார். நான், "ஆமா, சரியாக்கிட்டேன்" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் மூன்று மாதம் போன் செய்தால் உன்னைப் பற்றிக் கேட்பார், வீட்டு வரி கட்டியாச்சா என்று கேட்பார், வைத்துவிடுவார். சண்டை போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன். ஊருக்கு வந்த பிறகு, சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "ஏட்டி, கப்பல்ல யாரு சிரிச்சா எனக்கென்ன. அந்த ஒரு சுத்து நீ லாபம்னு சொன்னதுல்லா. மணியப் பிடிக்கும்போதெல்லாம் பெருவிரல் அதுலதாம் போயி நிக்கும். அத எதுக்கு எடுத்த?" நான் நின்ற இடத்திலேயே அழுதேன். அவர் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் போட்ட எத்தனையோ கணக்குத் தப்பாகியிருக்கிறது. சரியாகப் போட்டு நான் தோற்றது அந்த ஒன்றில்தான்.

இப்போது சனிக்கிழமைக்கு வா. உன் கயிற்றை அன்றைக்குத்தான் அப்பா கழுத்துவரை கொண்டுவந்திருந்தார். சர்க்கரை கண்ணில் இறங்கியதிலிருந்து எல்லாம் விரலால்தான் பார்க்கிறார், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, எண்ண மட்டும் பக்கத்தில் ஆள் வேண்டும். பியூலா மோதிரத்தை அவர் முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்தாள். நான் "காப்பி போடுதேன், இரு" என்று அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். அம்மா பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தாயானால், இதையும் திருத்திக்கொள். உன் அப்பா கத்திரிக்கோலுக்காக ஸ்டூலைத் தடவியிருக்கிறார். மோதிரம் கையில் பட்டது. ஒரு நிமிஷம் விரலால் அதைச் சுற்றிப் பார்த்தார். "இது இந்த வேலைக்கு ஆகாது. எடுத்துப் பத்திரமா வையிம்மா" என்று நீட்டினார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. அவள் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "இங்கன இரி. ஒங்க அத்தை உள்ள போயிட்டா, எனக்கு எண்ணுததுக்கு ஆளில்ல. எட்டு வந்ததும் சொல்லு" என்றார்.

அடுப்படியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் சுற்று இறுகுகிற சத்தம். அவள் வாயிலிருந்து "ஜீரோ" என்று வந்தது. உன் அப்பாவின் கை நின்றது எனக்கு உள்ளிருந்தே தெரிந்தது. அப்புறம், "ம், மேல சொல்லு" என்றார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று போய் எட்டு என்று நிறுத்தினாள். எனக்கு நாக்கு துறுதுறு என்றது. ஓடிப்போய், ஏம்மா, அது ஒம்பது என்று சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது. காப்பி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் அடுப்படி வாசலிலிருந்து எட்டிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

"அது என்னம்மா ஜீரோ?" என்று அவர் கேட்டார். "ஆபீஸ் பழக்கம் மாமா. எங்க கம்ப்யூட்டர் அதுலருந்துதான் எண்ணும், எனக்கும் அப்படியே வருது" என்றாள். சொன்னவள் சந்தேகம் வந்து நகத்தால் ஒவ்வொரு சுற்றாகத் தொட்டு எண்ணினாள். முகம் விழுந்துவிட்டது. "ஒம்பது விழுந்திருக்கு மாமா. அவுக எட்டுதான கேட்டாக? பிரிச்சிருங்க. இதுலயும் ஒரு தப்புன்னு பேரு வேண்டாம்" என்றாள். உன் அப்பா கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பிரிக்கதா வேண்டாமான்னு ஒங்க அத்தைகிட்ட கேளு. அவதாம் ஒரு தடவ பிரிச்சவ" என்றார்.

காப்பியைக் கொடுத்துவிட்டு, இப்போது உனக்கு எழுதியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். உனக்கு முன்னால் அவளுக்குத்தான் சொன்னேன், அதில் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். லாபத்தைக் கேட்டதும் சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். நான் பிரித்ததைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்க செஞ்சது தப்புன்னு ஒங்களுக்கு எப்ப அத்தை தெரிஞ்சிது?" என்றாள். "அவர் எங்கூடச் சண்டையே போடாம இருந்தப்போ" என்றேன். கயிற்றைப் பிடித்து அந்த முதல் சுற்றில் பெருவிரலை வைத்துப் பார்த்தாள். பிறகு, "முண்டாசு போட்டு மூடிருங்க மாமா" என்றாள்.

அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மோதிரத்தை விரலில் போட்டுக்கொள்ளவில்லை. என்னிடம் கொடுக்கவும் இல்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "கயிறு அவுக கைக்குப் போய்ச் சேரட்டும் அத்தை. எண்ணிப் பாக்காம இருக்க மாட்டாக. எண்ணிட்டு என்ன சொல்லுதாகன்னு பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். எனக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த வீட்டுக்கு அவள் வராமல் போனால் உன்னைவிட எனக்குத்தான் நஷ்டம், அதை உன்னிடம் மறைக்க நான் விரும்பவில்லை.

உனக்கு நான் என்ன புத்தி சொல்ல? திருத்தாதே என்று சொல்லமாட்டேன். கப்பலில் நீ திருத்தாவிட்டால் ஆள் செத்துப்போவான். சுமையேற்றும் கணக்கில் ஒரு சைபர் கூடினால் அதைப் பார்க்கத்தான் உனக்குச் சம்பளம். வீட்டுக்குள் வரும்போது மட்டும், ஒரு தப்பு கண்ணில் பட்டால், இதில் யார் குரல் இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு அப்புறம் கையை வை. அந்த அழைப்பிதழில் ஒரு மனிதர் தன் மகளைக் கட்டிக்கொடுக்கிற சந்தோஷம் முழுக்க இருந்தது, நீ அதில் ஒற்றெழுத்தைப் பார்த்தாய். நானும் சீக்கிறத்தில் 'றம்'மைத்தான் பார்த்தேன். நான் இருபது வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டதை நீ இருபது நாளில் தெரிந்துகொண்டால் போதும்.

இதைப் படித்ததும் முதலில் ராதாபுரத்துக்குப் போன் போடு. அவளுக்கு அல்ல, அவள் அப்பாவுக்கு. மன்னிச்சிருங்க மாமா என்று சொல். காரணம் சொல்லாதே, ஒரு காரணமும் சொல்லாதே. அழைப்பிதழ் அவர் எழுதினபடியே அச்சாகட்டும், அந்தப் பூவோடு. அச்சகத்தில் புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். 'கப்பல் மேலாளர்' என்று போட்டால் உன் அந்தஸ்து குறைந்துவிடும் என்று கவலைப்படாதே. "மேலாளர்னா மேல நிக்க ஆளு, சரியாத்தான எழுதியிருக்காரு" என்கிறார் உன் அப்பா. நமக்கெல்லாம் இங்கே அந்தப் பெயர் ஏற்கெனவே பிடித்துப்போய்விட்டது.

இந்தக் கடிதத்தோடு கயிறும் கூரியரில் வருகிறது. வார்னிஷ் வாசம் இன்னும் போகவில்லை, வெயிலில் வைக்காதே, காற்றாட மாட்டி வை. பிடித்துப் பார்த்தால் உன் பெருவிரல் எங்கே போய் நிற்கிறது என்று உனக்கே தெரியும். நீ எண்ணாமல் இருக்கமாட்டாய், எண்ணு. எண்ணிவிட்டு அவளுக்குப் போன் போடு. நீ சரியாக எட்டு கேட்டாய், நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சரியாக எட்டுதான் அனுப்பியிருக்கிறோம். லாபம் என்று தொடங்கு.